புத்து எண்ணெய்

அன்புள்ள தம்பி குண்டுவுக்கு,

உன் அக்கா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். அடுத்த வரியில் அங்கே நீ சுகமா என்று கேட்க வேண்டும். கேட்கக் கை வரவில்லை. கேட்டதாக வைத்துக்கொள்.

உன் கடிதம் கிடைத்தது. வாயெல்லாம் புண், போனில் பேச முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன் என்று ஆரம்பித்திருந்தாய். கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோழி கிளறின மாதிரி எழுதுவதில் நீ இன்னும் கொஞ்சம்கூட முன்னேறவில்லை. இரண்டாவது பக்கத்தில், பேண்ட் இடுப்பில் நிற்பதில்லை, கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன், இனிமேல் என்னைக் குண்டு என்று கூப்பிடாதே என்று எழுதியிருந்தாய். போடா. நீ துரும்பாய் இளைத்தாலும் எனக்குக் குண்டுதான். பெயரை மாற்றிக் கூப்பிடுகிற உத்தேசம் எனக்கு இல்லை.

நீ கேட்டது இரண்டு விஷயம். எங்கள் ஆராய்ச்சிக்கூடத்து எண்ணெயில் ஒரு பாட்டில் அனுப்ப வேண்டும். அது வந்து சேர்ந்ததும் ஆஸ்பத்திரி ஊசியை நிறுத்திவிடப் போகிறாய். பேப்பரில் வந்த செய்தியைக் கத்தரித்துக் கடிதத்தோடு வைத்திருக்கிறாய், நான் பார்த்திருக்க மாட்டேன் என்பது போல. "கூடப் பொறந்தவ கையிலேயே மருந்து இருக்கும்போது நான் எதுக்கு இங்க கிடந்து சாகணும்" என்று வேறு எழுதியிருக்கிறாய். அந்த வரியை எழுதினபோது உன் பெண்டாட்டி பக்கத்தில் இல்லை என்று நினைக்கிறேன். இருந்திருந்தால் பேனாவைப் பிடுங்கியிருப்பாள். ஊசியை நிறுத்துகிற பேச்சே கூடாது. எண்ணெய் விஷயத்துக்கு வருகிறேன்.

அதற்கு முன்னால் வீட்டுச் சேதி. உனக்கு வயிற்றில் புண், மருந்து சாப்பிடுகிறாய் என்பது வரைக்கும்தான் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். "காரத்தைக் குறைக்கச் சொல்லு, எங்க கேட்கப் போறான்" என்று தினமும் அதே பாட்டு. உன் அத்தான் பேப்பரில் செய்தி வந்த அன்று தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டு வந்தார். பலன் என்ன? மறுநாள் காலையில் மேல் வீட்டு டீச்சரம்மா ஒரு பிளாஸ்டிக் பையோடு வாசலில் நிற்கிறார். பைக்குள் அவர் அண்ணனுடைய ஸ்கேன் படங்கள். "நம்ம ஆளுங்கன்னு சொல்லி ஒரு பாட்டில் மட்டும் எடுத்துக் குடுங்க" என்கிறார். அவரோடு முடிந்ததா? ஆராய்ச்சிக்கூடத்து வாசலில் தினமும் அதே போன்ற பைகளோடு ஆட்கள் நிற்கிறார்கள். காவலாளி அவர்களை நிழல் பக்கமாக வரிசையில் உட்கார வைத்துவிடுகிறார். நான் அவர்களைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவேன்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று உனக்கு ஒரு நாளும் புரிந்ததில்லை. "அக்கா லேப்ல புழு வளர்க்கறா" என்று சொல்லித்தான் உன் கல்யாணத்தில் எல்லோருக்கும் என்னை அறிமுகப்படுத்தினாய். நான் வளர்ப்பது புழு இல்லை, செல். எப்போதோ செத்துப்போன யாரோ ஒருவருடைய கட்டியிலிருந்து எடுத்தது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், இது சாக மாட்டேன் என்கிறது. ரோஜா நிறத் தண்ணீரில் போட்டு உடம்புச் சூட்டில் வைத்தால் பெருகிக்கொண்டே இருக்கும். அதைச் சின்னச் சின்னக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் பிரித்துப் போட்டு, குழிக்கு ஒன்றாக ஏதாவது சரக்கு விடுவோம். தேரைத் தோல், தேள் ஊறிய எண்ணெய், நண்டு ஓட்டுச் சாம்பல், பாம்புப் பித்தம், அட்டையை உலர்த்தி இடித்த பொடி. எந்தக் காலத்திலோ யாரோ எந்த வியாதிக்கோ கொடுத்த விலங்குச் சரக்கு எல்லாம் எங்கள் அலமாரியில் இருக்கிறது. கதவைத் திறந்தால் குடலைப் பிடுங்கும். இவற்றில் எதிலாவது புற்றுநோயைக் கொல்லும் பொருள் ஒளிந்திருக்கிறதா என்று தேடுவதுதான் எங்கள் பிழைப்பு. கடைசியில் ஒரு சாயம் விடுவோம். செல் உயிரோடு இருந்தால் குழி ஊதாவாகும். செத்திருந்தால் மஞ்சளாகவே நிற்கும்.

நீ கேட்ட எண்ணெய் விட்ட குழிகள் அத்தனையும் மஞ்சள். எங்கள் தலைவரைப் பெரியவர் என்போம். அவர் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, பேரன் பிறந்த மாதிரி, அறை அறையாகப் போய்க் காட்டினார். நானும் கை தட்டினேன். பேப்பர்காரர்கள் போட்டது அதைத்தான். புற்றுநோய் செல்களை அழிக்கும் எண்ணெய் என்று. அதில் பொய் ஒன்றும் இல்லை, அழித்தது.

ஆனால் பக்கத்துத் தட்டில் நோயே இல்லாத ஆளுடைய நல்ல செல் இருந்தது. அதற்கும் அதே எண்ணெயை விட்டோம். அதுவும் மஞ்சள். அது பேப்பரில் வரவில்லை. எனக்கு எரிச்சல் தாங்காமல், கை கழுவுகிற சோப்பைக் கரைத்து ஒரு குழியில் விட்டுப் பார்த்தேன். பளிச்சென்று மஞ்சள். உன் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற சோப்பும் புற்றுநோயைக் கொல்லும்டா, தட்டில் வைத்தால். உடம்புக்குள் போய்க் கெட்டதை மட்டும் தேடிப் பிடித்துக் கொன்றுவிட்டு நல்லதைத் தொடாமல் வர வேண்டும். அதற்குத்தான் மருந்து என்று பெயர். தேரைத் தோலில் நிஜமாகவே சரக்கு இருக்கிறது, ஆனால் அது கட்டியைத் தொடும் முன்னால் இதயத்தை நிறுத்திவிடும். இந்த எண்ணெயில் அந்தச் சரக்குகூட இல்லை.

எலிக்கும் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. எலிக்கூண்டுகளைப் பார்த்துக்கொள்பவருக்கு எலி மாமா என்று பெயர். கட்டி வந்த எலிகளில் பாதிக்கு இந்த எண்ணெய், பாதிக்கு வெறும் எண்ணெய். "கூண்டுல ஒட்டின சீட்டைக் கிழிச்சுட்டா எது எதுன்னு எனக்கே தெரியாதும்மா" என்றார் எலி மாமா. கட்டி இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் வளர்ந்தது. அளவைக் கூட்டிக் கொடுத்த கூண்டில்தான் வித்தியாசம் தெரிந்தது. அந்த எலிகள் கட்டி பெரிதாகும் வரைகூடத் தாங்கவில்லை.

இதையெல்லாம் சுற்றி வளைத்து உனக்கு எழுத வேண்டாம், "இன்னும் சோதனை நடக்குது, பார்க்கலாம்" என்று ஒரு வரியில் முடித்துவிடு என்றார் உன் அத்தான். எனக்கும் அந்தச் சபலம் இருந்தது. ஆனால் உன் லிஃப்ட் வேலையைப் பற்றி நீ ஒரு தடவை சொன்னது ஞாபகம் வந்தது. லிஃப்ட் நடு வழியில் நின்றுபோனால் உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் அஞ்சே நிமிஷம் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது, அது முடிந்ததும் கதவை உடைக்க ஆரம்பித்துவிடுவார்கள், உள்ளதைச் சொன்னால் உட்கார்ந்துவிடுவார்கள் என்றாய். அதனால் உள்ளதைச் சொல்கிறேன்.

இவ்வளவும் தெரிந்த உன் அக்கா, எத்தனை வருஷமாகவோ இதே தொழிலாக இருப்பவள், என்ன செய்தாள் தெரியுமா? உன் கடிதம் வந்த மறுநாள் குளிர்ப்பெட்டியைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். திருட்டுதான், வேறு பெயர் கிடையாது. பழைய துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்து, உன் விலாசத்தையும் எழுதினேன். தட்டு தப்பாக இருக்கலாம், எலி மனுஷன் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தலைமுறை தலைமுறையாகப் புற்றுநோய்க்கு இதைக் குடித்திருக்கிறார்களே, அத்தனை பேருமா முட்டாள்கள்? நாலு பேராவது பிழைக்காமல் ஒரு மருந்து இத்தனை காலம் நிற்குமா? எங்கள் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறது, புற்றுநோய்க்கு வழிவழியாகக் கொடுக்கப்படும் எண்ணெய் என்று. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். எத்தனை சொட்டு, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்பது மட்டும்தான் தெரியவில்லை. அதைக் கேட்டுக்கொண்டு வரலாம் என்று, எங்கள் ஆட்கள் எண்ணெய் வாங்கின கடைக்கே போனேன்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால், சாவி செய்கிறவருக்கும் செல்போன் பழுது பார்க்கிறவருக்கும் நடுவில் இருக்கிறது கடை. சுவர் முழுக்கப் பாட்டில்கள். கடைக்காரரைப் பாட்டில்காரர் என்றுதான் அந்தப் பக்கம் சொல்கிறார்கள். வாசலில் பெரிதாக ஒரு பலகை தொங்குகிறது, புற்றுநோய் எண்ணெய், ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது என்று. அதற்குக் கீழே, நீ எனக்கு அனுப்பினாயே, அதே செய்தித் துண்டு கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது.

வாங்க வந்தவளைப் போலவே பேசினேன். தம்பிக்கு வேண்டும், எப்படிக் கொடுப்பது என்றேன். "காலையில ஒரு ஸ்பூன், ராத்திரி ஒரு ஸ்பூன்" என்றார், யோசிக்கவே இல்லை. இந்த அளவை உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். "வர்றவங்க எல்லாரும் கேட்கறாங்களேம்மா, ஏதாவது சொல்லணும்ல?" என்று சிரித்தார். நான் இன்ன இடத்தில் வேலை செய்கிறேன் என்று சொன்னதும் மனிதர் எழுந்து நின்று கும்பிட்டார். "உங்க புண்ணியத்துலதாம்மா கடையே ஓடுது" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, டீ சொல்லி அனுப்பினார்.

சரி, நாங்கள் வருவதற்கு முன்னால் இதை யாருக்குக் கொடுத்தீர்கள், யாருக்குக் குணமானது என்று கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டார். "முட்டிவலிக்காரங்க வாங்கிட்டுப் போவாங்க. சூடு பண்ணித் தேய்ச்சுக்கறது. குடிக்கலாம்னு உங்க ஆளுங்க வந்து கேட்ட அப்புறம்தாம்மா எனக்கே தெரியும்" என்றார்.

எங்கள் ஆட்கள் வந்த கதையை அவர் வாயாலேயே கேட்டேன். கையில் ஒலிப்பதிவுப் பெட்டியோடு வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு பாட்டிலாகக் காட்டி, இது என்ன, இது எதற்கு என்று கேட்டிருக்கிறார்கள். இந்தப் பாட்டிலுக்கு வந்ததும் இவர் புத்து எண்ணெய் என்றிருக்கிறார். "புத்துக்கா?" என்று கேட்டிருக்கிறார்கள். "ஆமா, புத்துதான்னு சொன்னேன். பின்ன என்னம்மா, புத்துலேர்ந்துதானே எடுக்கறோம்? கறையானைப் புத்தோட பேத்து எடுத்துவந்து காய்ச்சறது" என்றார்.

விளங்குகிறதா, குண்டு? வாயால் சொல்லும்போது கறையான் கட்டுவதும் புத்துதான், உன் வயிற்றில் வந்திருப்பதும் புத்துதான். எங்கள் ஆட்கள் படித்தவர்கள் இல்லையா? அதைப் புற்று என்று சுத்தமாக எழுதி, பக்கத்தில் நோய் என்றும் ஒட்டிவிட்டார்கள். தலைமுறையும் கிடையாது, வழிவழியும் கிடையாது. புற்றுநோய்க்கு இதை ஒருத்தரும் குடித்ததில்லை. எங்கள் ஆட்கள் கேட்டதுதான் முதல் தடவை. நாங்கள் சொல்லிப் பேப்பர்காரன் எழுதுகிறான், பேப்பரை மாட்டிவைத்து இவர் விற்கிறார், பேப்பரைப் பார்த்து நீ எனக்கு எழுதுகிறாய்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தபடி விழுந்து விழுந்து சிரித்தேன். என்னவென்று தெரியாமலே பாட்டில்காரரும் கூடச் சிரித்தார். பிறகு என் சிரிப்பு அழுகையாகிவிட்டது. அவர் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து, "தம்பிக்கு ரொம்ப முத்திடுச்சாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப ரெண்டு ரெண்டு ஸ்பூனாக் குடுத்துப் பாருங்க" என்றார். நல்ல மனிதர்தான். ஆனாலும் அவர் கன்னத்தில் ஒன்று விட வேண்டும் போல இருந்தது.

பெரியவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகு நேரம் துடைத்தார். "பேர் எப்படி வந்தா என்னம்மா, செல் செத்துச்சே" என்றார். கடைக்காரரே புற்றுநோய்க்கு என்றுதானே விற்கிறார், அதுவே சாட்சி இல்லையா என்றார். அவருக்கு அதைச் சொன்னதே நாம்தான் சார் என்றேன். அவர் மனைவியும் இதே வியாதியில்தான் போனார், அதனால் அவரிடம் கத்தவும் எனக்கு மனம் வரவில்லை. நாளைக்குப் புதுத் தட்டு போடச் சொல்லியிருக்கிறார். போடுவேன். எடுத்துவந்த பாட்டிலைக் குளிர்ப்பெட்டியில் திருப்பி வைத்துவிட்டேன்.

இதுவரை எழுதி நேற்று மடித்து வைத்துவிட்டேன். எண்ணெய் கிடையாது, ஊசியை ஒழுங்காகப் போட்டுக்கொள் என்று இரண்டு வரி திட்டிவிட்டு ஒட்டிவிடலாம் என்று இருந்தேன். எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று இன்று காலை உன் டாக்டருக்குப் போன் செய்தேன்.

நான் கேட்டது, ஊசியை நிறுத்தினால் என்ன ஆகும் என்று. "போட்டாலும் அதேதான் ஆகும். கொஞ்சம் முன்னே பின்னே, அவ்வளவுதான். நிறுத்தினா வாய்ப்புண் ஆறும். ரெண்டு வாய் சாப்பிடுவார், வீட்டுல எல்லார்கூடவும் பேசுவார்" என்றார். பிறகு எதற்காக இன்னும் போடுகிறீர்கள் என்று அவர் மேல் பாய்ந்தேன். அவர் நிதானமாகத்தான் சொன்னார். "நிறுத்திடலாம்னு நான் ரெண்டு தடவை சொல்லிட்டேன். அவர்தான், எங்க அக்கா ஒரு மருந்து கண்டுபிடிச்சிருக்காங்க, அது வந்து சேர்ற வரைக்கும் எப்படியாவது இழுத்துப் பிடிங்க டாக்டர்னு கெஞ்சறார்" என்றார்.

என் அப்பனே. எனக்காகவா இந்தப் பாடுபடுகிறாய்? வாய் புண்ணாகி, தண்ணீர்கூட இறங்காமல், ஒவ்வொரு ஊசியாக வாங்கிக்கொண்டு நீ பார்த்திருப்பது என் பார்சலையா? நான் இங்கே தட்டில் மஞ்சளையும் ஊதாவையும் பார்த்துக்கொண்டு, பார்க்கலாம், இன்னும் சோதனை நடக்கிறது என்று போன தடவைகூடப் போனில் உன்னிடம் சொன்னேன். அந்த வாயை எதைப் போட்டுக் கழுவுவது என்று தெரியவில்லை.

வராதுடா ராஜா. பார்சல் வராது. அனுப்புவதற்கு என்னிடம் ஒன்றுமே இல்லை. என்னிடம் மட்டுமில்லை, உலகத்தில் எந்த லேபிலாவது உனக்கு ஏதாவது இருந்திருந்தால் நான் காலில் விழுந்தாவது வாங்கி வந்திருப்பேன். தேடாமல் இல்லை.

ஆகவே முதல் பக்கத்தில் ஊசியைப் பற்றி நான் போட்ட சத்தத்தை அடித்துவிடு. நிறுத்த வேண்டும் போல இருந்தால் நிறுத்திக்கொள். எண்ணெய் வரும் என்பதற்காக இல்லை, உனக்கு முடியவில்லை என்றால் நிறுத்திக்கொள். யாரும் உன்னைக் கோழை என்று சொல்ல மாட்டார்கள், சொன்னால் நான் பார்த்துக்கொள்கிறேன். உன் பெண்டாட்டியிடமும் பேசிவிட்டேன். அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள், நானும் வைக்கவில்லை. வலிக்குக் கொடுக்கிற மருந்தை மட்டும் விடாதே. பழகிவிடும், கெடுதல் என்று யாராவது உபதேசம் செய்ய வந்தால் வெளியே அனுப்பு. வலி வருவதற்கு முன்னாலேயே கேட்டு வாங்கிக்கொள். அதில் ரோஷம் பார்க்காதே.

அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். "காரத்தாலன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்று மட்டும் சொன்னாள். நான் ஏதேதோ உளறிக்கொண்டிருந்தேன். பாதியில் எழுந்து போய்ப் பெட்டியை இறக்கித் துணியை மடித்து வைக்க ஆரம்பித்துவிட்டாள். என்னம்மா இது என்றால், "பிள்ளைகிட்ட போக வேண்டாமா, எழுந்திரு" என்று என்னை விரட்டுகிறாள்.

நாங்கள் இருவரும் வருகிறோம். உங்கள் ஊர் எல்லைப் பக்கம் என்பதால் உள்ளே விடுவதற்கு ஏதோ அனுமதிச் சீட்டு வர வேண்டுமாம். உன் அத்தான் இன்று காலையிலிருந்து அந்த ஆபீஸ் வாசலில்தான் நிற்கிறார். அவசரம் என்று சொன்னால், எல்லோரும் அவசரம் என்றுதான் சொல்கிறார்கள் என்கிறானாம் அங்கே உட்கார்ந்திருப்பவன். உன் டாக்டர் போனிலேயே அனுப்பிவைத்த கடிதத்தைக் காட்டியபின் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறான். எப்போது கையில் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன் என்கிறான். கிடைத்த அன்றே வண்டி ஏறிவிடுவோம். லேபுக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பாப்பாவை என் சார்பில் ஒரு கிள்ளு கிள்ளு. நான் வந்ததும் சமையலறையை என் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று உன் பெண்டாட்டியிடம் இப்போதே சொல்லி வை. இல்லாவிட்டால் அம்மா பிடித்துக்கொள்வாள். உனக்கு இந்த அக்காவின் ஆசீர்வாதம் இவ்வளவுதான்: வலியில்லாமல் தூங்கு, பசித்துச் சாப்பிடு. உன்னிடம் நான் கேட்பதும் ஒன்றுதான். அதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் இந்த வரியில் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இருடா. வந்துவிடுகிறேன்.

உன் அக்கா